ஏழு கொலை, ஒரு நட்சத்திரம்

"கொலைகாரனைக் கண்டுபிடிக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"அதைவிட மோசமானவன். விமர்சகன்," என்றார் துரைராஜ்.

வடக்குத்து மெயின் ரோட்டில், செல்போன் கடைக்கு மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். எங்கள் என்று நான் சொல்வது சும்மா ஒரு ஆசைக்கு. நிலையம் செங்கமலம் அக்காவுடையது. மைன்ஸ் டவுன்ஷிப்பில் இருபது வருடம் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு, "இனிமே கேட்டுக்கு உள்ள நின்னு திருடனைத் தேட முடியாது" என்று வெளியே வந்தவர். நான் ரெஜின், உதவியாளன். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, வாயை மூடாமல் இருப்பது என் வேலைகள். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த துரைராஜ் மைன்ஸ் நிர்வாக அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருடம் திடீரென்று எழுத்தாளர் ஆனார். அவர் பேரில் வந்த 'ஏழாம் குழி' நாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். பூமிக்கு அடியில் ஓர் அரசு. அங்கே செத்தவர்களைக்கூடத் தூங்க விடமாட்டார்கள், தோண்டி எடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். அப்படிப் புருஷனைப் பறிகொடுத்து, காதும் அறுபட்டு நிற்கும் மூளி என்பவள், அந்த அரசின் ஏழு தலைவர்களையும் ஏழு நாளில் கொல்வதாகச் சபதம் போடுகிறாள். ஒரு நாள் தவறினாலும் அவள் கல்லாகிவிட வேண்டும். கருணை கிடையாது, பாட்டு கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். இந்த ஆள் எப்படி இதை எழுதினார் என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். பேப்பரைக்கூட நுனி விரலால் தொடுகிறவர்.

அவர் தன் போனை மேசையில் வைத்தார். வாசகர்கள் நட்சத்திரம் போடுகிற இணையப் பக்கம் அது.

"இருநூறு பேருக்கு மேல பாராட்டியிருக்காங்க. இவன் ஒருத்தன், 'ஏழு'ன்னு பேர் வச்சுக்கிட்டு, புதுசு புதுசா கணக்கு ஆரம்பிச்சு, தினமும் ஒரு நட்சத்திரம் போடறான். சனிக்கிழமை சாயந்தரம் புத்தகக் கண்காட்சியில எனக்கு வாசகர் சந்திப்பு. ரெண்டாம் பதிப்பு வெளியீடு. அங்க அவனைக் கொண்டாந்து எல்லார் முன்னாடியும் நிறுத்துங்க. நான் மைக்ல கேக்கறேன், நீ யாருடான்னு. அதுக்கப்புறம் அவன் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது."

"கண்டுபிடிச்சா மட்டும் போதாதா சார்?" என்றார் அக்கா.

"போதாது. அசிங்கப்படுத்தணும்."

"எல்லார் முன்னாடியும்தானே?"

"எல்லார் முன்னாடியும்."

அக்கா அதை அப்படியே நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இரண்டாம் பதிப்பில் ஒரு பிரதியை மேசையில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அன்று மதியம் முழுக்க வாசகர் கருத்துகளை நான் சத்தமாகப் படித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"'படித்துவிட்டு இரண்டு நாள் பாத்ரூம் போகப் பயந்தேன். ஐந்து நட்சத்திரம்.' 'கொலைகளை நியாயப்படுத்துகிற நூல். என் மருமகளிடம் கொடுக்க மாட்டேன். இரண்டு நட்சத்திரம்.' 'மூளி மாதிரி ஒருத்தி எங்க ஆபீசுக்கு வேணும்.' இது யாருன்னு கண்டுபிடிச்சா நானும் அங்க வேலைக்குப் போயிடுவேன்கா."

"ஏழு என்ன சொல்லுதுன்னு படி."

"இவன் புத்தகத்தைப் படிக்காமலே திட்டறான்கா. கேளுங்க. 'நாலாவது தலைவன் சாகும்போது மூளி சிரிக்க மாட்டாள் யார் மாற்றியது.' அடுத்தது. 'ஆறாவது தலைவனுக்குத் தாய் உண்டு அவளை எங்கே தொலைத்தாய்.' ஆறாவது தலைவனுக்கு அம்மாவே கிடையாதுக்கா. நான் மூணு தடவை படிச்சவன். இன்னொண்ணு. 'மூன்றாவது கொலை இரண்டு ஈடு நேரம் வரும் இதில் அரை ஈடு கூட இல்லை.' எதுலயும் ஒரு புள்ளி கிடையாது, மூச்சு கிடையாது."

அக்கா கண்ணைத் திறந்தார்.

"படிக்காதவனுக்கு இவ்ளோ கோவம் வராது ரெஜின். இவங்களுக்குத் தெரிஞ்சது வேற புத்தகம். இதுக்கு முன்னால இருந்த புத்தகம்."

"முன்னால ஏதுக்கா? போன வருஷம் வந்ததுதானே மொத பதிப்பே?"

"ஈடுன்னா என்னன்னு தெரியுமா?"

"சண்டையில ஈடு கொடுக்கறது."

"உங்க வூட்ல இட்லி யாரு ஊத்தறது?"

"அம்மா."

"அதான் தெரியல. ஒரு தடவை தட்டு வெந்து எறங்கினா ஒரு ஈடு. புத்தகத்தைப் படிச்சவங்க பக்கம் சொல்லுவாங்க. இவங்க ஈடு சொல்றாங்க. யாரோ பக்கத்துல உக்காந்து படிக்க, இட்லி ஊத்திக்கினே கேட்டிருக்காங்க. வூட்டுச் சமையல்னா ஒரு ஈடோட முடிஞ்சிடும். ஒரு கொலைக்கே ரெண்டு ஈடுன்னா அது கடை."

நான் கை தட்டப் போனேன். "மிச்சத்தையும் படி" என்றார்.

மிச்சம், நாவலைப் பற்றி எல்லோரும் சொன்ன ஒரே குறை. ஏழாவது தலைவனை மூளி கொல்லும்போது சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. ஆனாலும் அது வெள்ளிக்கிழமை என்றே கதை சொல்கிறது. விடிந்தால் சனிக்கிழமை என்று எழுத்தாளருக்குத் தெரியாதா என்று நாற்பது பேராவது கேலி செய்திருந்தார்கள். துரைராஜ் உள்ளூர் டிவியில் தோன்றி, அது அச்சுப்பிழை, இரண்டாம் பதிப்பில் சனிக்கிழமை என்று திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு ஏழு போட்டிருந்த பதில்தான் எல்லாவற்றிலும் நீளமானது.

"'சனிக்கிழமை என்று மாற்றப் போகிறானாம் காவல் மாறவில்லை மாத்தாள் வரவில்லை மாத்தாள் வராத வரை வெள்ளிதான் அதுகூடத் தெரியாதவன் எழுதினானா.' எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான்கா இருந்துது."

"என்ன வியாதி?"

"மைன்ஸ்ல பம்ப் ஆபரேட்டர். வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் போவாரு. காலைல ஆறு மணிக்கு ரிலீவர் வரணும். வரலன்னா ரெண்டு மணி வரைக்கும் அங்கேயே. சனிக்கிழமை மத்தியானம் வூட்டுக்கு வந்து, 'இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கறி வைக்காதே'ம்பாரு. நாங்க கிறிஸ்தவங்க இல்லியா, வெள்ளிக்கிழமை அவரு கறி தொட மாட்டாரு. அடுப்புல கோழி கொதிக்கும். அம்மா காலண்டரைத் தூக்கிக்கினு வந்து சண்டை போடுவாங்க. ரெண்டு பேரும் சொல்றது கரெக்டுதான், நாங்க பசங்கதான் நடுவுல..."

அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"அவருக்குக் கிழமையை மாத்தறது சூரியன் இல்ல. மாத்தாள், அதான் ரிலீவர்."

"அப்படிக்கூட சொல்லலாம்."

அக்கா இரண்டாம் பதிப்பைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தைப் பார்த்தார். பிறகு முதல் அத்தியாயம். விரல் விட்டு எண்ணினார்.

"சபதம் போட்டது சனிக்கிழமை. ஏழு நாள்னா வெள்ளிக்கிழமையோட முடியணும். துரைராஜ் சார் சனிக்கிழமைன்னு மாத்திட்டாரு. அது எட்டாவது நாள். அப்போ சபதம் தவறிடுச்சு, மூளி கல்லாயிடணும். ஆனா கடைசி அத்தியாயத்துல நடந்து போறா. முழுக் கதையும் அந்த ஒரு கிழமை மேலதான்டா நிக்குது. தான் கட்டின வூட்ல எது தூணுன்னு தெரியாம ஒருத்தன் அதைப் புடுங்குவானா?"

"கட்டினது அவர் இல்லன்னா புடுங்குவார்," என்றேன். நான் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது.

"சார் எந்த ஷிப்ட்ல இருந்தாரு?"

"முப்பத்தோரு வருஷமும் ஜெனரல் ஷிப்ட்கா. அஞ்சு மணிக்கு சீட் காலி. அவருக்கு ரிலீவரே கிடையாது."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. மைன்ஸுக்குப் போகிற ரோட்டில், கான்ட்ராக்ட் ஆட்கள் பஸ் ஏறுகிற இடத்தில், வரிசையாக ஐந்து இட்லிக் கடைகள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும், காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். இட்லியும் ரிலீவரும் சேர்கிற இடம் இதுதான் என்று அக்கா கூட்டிவந்திருந்தார்.

"இதுல யாருன்னு எப்படிக்கா கேக்கறது? 'நீங்கதான் ஒரு நட்சத்திரம் போட்டீங்களா'ன்னா சட்னியை மூஞ்சில ஊத்திடுவாங்க."

"கேக்க வேணாம். நீ சாப்பிடு. சாப்பிட்டுக்கினே அந்தப் புத்தகத்தைச் சத்தமா படி. நாலாவது கொலை. படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லு."

முதல் கடையில் படித்தேன். கடைக்காரர் பில் கொடுத்தார். இரண்டாவது கடையில், சாப்பிடுகிற இடத்தில் என்ன கழுத்தறுப்புப் பேச்சு என்று ஒரு பெரியவர் திட்டினார். மூன்றாவது கடையில் பக்கத்து பெஞ்சு ஆள், "அண்ணே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அதற்குள் என் வயிற்றில் பதினோரு இட்லி சேர்ந்திருந்தது. துப்பறியும் தொழிலில் உயிருக்கு ஆபத்து உண்டு என்று அக்கா சொன்னபோது நான் இதை எதிர்பார்க்கவில்லை.

நான்காவது கடை. நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஒரு அம்மாள் இட்லிக் கொப்பரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டு, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

"'நான்காம் தலைவனின் கழுத்தில் கத்தியை இழுத்துவிட்டு மூளி கலகலவென்று சிரித்தாள்.' சூப்பர்கா! எனக்கே சிரிப்பு வருது!"

கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

"அவ சிரிக்கல," என்றார் அந்த அம்மாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கொப்பரையை விட்டு முன்னால் வந்தார்.

"அந்த நாலாவது ஆளுதான் குழிக்குள்ள அவ புருஷனுக்குத் தண்ணி குடுத்தவன். ஏழு பேர்ல நல்லவன் அவன் ஒருத்தன்தான். ஆனா சபதம் போட்டாச்சு, அவனையும் கொன்னாவணும். எப்படிடா சிரிப்பா? அவன் தலையை மடியில வச்சிக்கினு அழுதா. அதை எடுத்துட்டு சிரிக்க வச்சிருக்கான் அந்தப் பாவி."

மூன்று தடவை படித்த எனக்கு அப்போதுதான் அந்தக் கதை புரிந்தது. கையில் இருந்த இட்லியை வாயில் வைக்க முடியவில்லை.

கூட்டம் குறைந்ததும் அக்கா உள்ளே போய், அடுப்புப் பக்கமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்கள் யார், யார் அனுப்பி வந்தோம் என்பதை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் பெயர் இசக்கியம்மாள். அவருடைய அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். கட்டிக்கொடுத்தது வடக்குத்திலேயே. புருஷன் அன்புச்செல்வன், மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

"அவர் எழுதினதை உங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரா?" என்று அக்கா கேட்டார்.

இசக்கியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் அப்படித்தான் நெனச்சிக்கினீங்களா? அவரு எழுதல. அவரு கைதான் எழுதிச்சு. சொன்னது நானு."

அக்காவின் கணக்கு தப்பி நான் பார்த்தது அன்றுதான். "கேட்டவங்கன்னு நெனச்சேன். சொன்னவங்களா?" என்றார் மெதுவாக.

"எனக்கு எழுத்து கோணலா வரும்ங்க. அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். வேலை இல்லாத நாள்ல நான் இட்லி ஊத்திக்கினே சொல்லுவேன், அவரு மாவுப் பலகை மேல நோட்டை வச்சிக்கினு எழுதுவாரு. எட்டு நோட்டு. இந்த துரைராஜ் ஆபீஸ் சார்பா சாவுக்கு மாலை எடுத்துக்கினு வந்தான். நோட்டைப் பாத்தான். 'அன்புச்செல்வன் எழுதினதா, நான் புக்கா போட்டுத் தரேன்'னான். நான் அழுதுகினு கெடந்தேன். நான் சொன்ன கதைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் போய்க் கேட்டா, கரையான் அரிச்சிடுச்சுன்னான்."

"அடுத்த வருஷம் புத்தகம் வந்துது," என்றேன்.

"செத்தவன்கிட்டதான் திருடறோம், கேக்க ஆளில்லன்னு நெனச்சான். உசுரோட இருக்கறவகிட்ட திருடினது அவனுக்கே தெரியல."

"கேஸ் குடுத்திருக்கலாமே?"

"என்னன்னு குடுக்கறது? நோட்டு அவன்கிட்ட. இட்லிக்காரி சொன்ன கதைன்னா போலீசு நம்புமா? ஒரு மாசம் எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தைப் படிச்சேன். பக்கத்துக்குப் பக்கம் வயிறு எரிஞ்சிது. அப்புறம்தான் இந்தப் போன்ல பேசினா அதுவே எழுதும்னு எம்பொண்ணு சொல்லிக் குடுத்தா. இப்ப அவரு எடத்துல இது எழுதுது."

புள்ளி இல்லாத காரணம் அதுதான். கோபத்தில் பேசுகிறவர்கள் புள்ளி வைத்துப் பேசுவதில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை?" என்றார் அக்கா.

இசக்கியம்மாள் அடுப்பைத் தணித்தார். "ரிலீவர் வராத அன்னிக்கு அவரு மத்தியானம்தான் வருவாரு. நான் கடையை மூடிட்டு, சாப்பிடாம உக்காந்துகினு இருப்பேன். ஊருக்கெல்லாம் விடிஞ்சிருக்கும். அவரு வந்து சட்டையைக் கழட்டற வரைக்கும் எனக்கு அது நேத்திக்கிதான். அதைத்தான் வச்சேன். அதைப் போயி அச்சுப்பிழைன்னு டிவில சொல்றான்."

எனக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வரவேண்டும் போல் இருந்தது. அக்கா நிதானமாகக் கேட்டார். "அவரை என்ன செய்யணும்னு நெனைக்கறீங்க?"

"அவன் வாயால 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லணும். ஊரு முன்னாடி சொல்லணும். அது எனக்குப் போதாது. ஆனா அதுலேருந்து ஆரம்பிக்கணும்."

"உங்களைக் கொண்டாந்து எல்லார் முன்னாடியும் நிறுத்தச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு," என்றார் அக்கா.

அப்போதுதான் இசக்கியம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. துரைராஜுக்காகக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மாலை புத்தகக் கண்காட்சிப் பந்தலில் முந்நூறு நாற்காலியும் நிறைந்திருந்தது. பட்டு ஜிப்பாவில் இருந்த துரைராஜ், எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். அக்கா தலையசைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நண்பர்களே! என் நாவலுக்குத் தினமும் ஒரு நட்சத்திரம் போடுகிற வீரர் இன்று நம்மோடு இருக்கிறார். கொஞ்சம் எழுந்து நிற்கலாமே?"

நான்காவது வரிசையில் இசக்கியம்மாள் எழுந்தார். நான் கம்பியில்லாத மைக்கை அவர் கையில் கொடுத்தேன். துரைராஜின் சிரிப்பு பாதியில் நின்று, பிறகு சமாளித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"அடடே, இவங்க எனக்குத் தெரிஞ்ச குடும்பம்தான். பாவம், வீட்டுக்காரர் தவறிட்டாரு..."

"வாசகர் சந்திப்புன்னு போட்டிருக்கீங்க. நான் வாசகி. கேள்வி கேக்கலாம்ல?" என்றார் இசக்கியம்மாள். "ஏழாவது தலைவன் எந்தக் கிழமை செத்தான்?"

"சனிக்கிழமை. திருத்திட்டேன். வாசகர் கருத்தை மதிக்கிறவன் நான்."

"சபதம் போட்டது?"

முன்வரிசையில் இருந்த இசைப்பிரியா என்ற கல்லூரிப் பெண் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதுவும் சனிக்கிழமைதான். அப்போ எட்டு நாள் ஆகுதே சார். மூளி ஏன் கல்லாகலை?"

"அது... அது ஒரு மாயம். கலையில எல்லாத்துக்கும் கணக்குப் பார்க்கக் கூடாதும்மா."

"மாயம் இல்ல. மாத்தாள் வரல," என்றார் இசக்கியம்மாள். "காவல் மாறல. மாறாத வரைக்கும் வெள்ளிக்கிழமைதான்."

கடைசி வரிசையில் யூனிபார்ம் சட்டையோடு இருந்த ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யோவ்! ரிலீவர் வரலய்யா! நைட் ஷிப்ட்டுய்யா அது!" என்று கத்தினார். பந்தலில் பாதிப் பேர் ஷிப்ட் குடும்பம். புருஷன்கள் பெண்டாட்டிகளுக்கும், அப்பாக்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. ஒரு வருடமாகப் பிழை என்று எல்லோரும் சிரித்த இடம் அது.

"சரி சார், அது போகட்டும்," என்றார் இசக்கியம்மாள். "ஆறாவது தலைவனோட அம்மாவை எங்க வச்சிருக்கே?"

"அப்படி ஒரு பாத்திரமே..."

"இருந்தா. வெட்டிட்டே. அவதான் ரெண்டாம் பாகத்துக்கே கதவு. ரெண்டாம் பாகம் வரப் போவுதுன்னு டிவில சொன்னியே, மூளி அடுத்து எங்க போறா?"

"அதை இப்பவே சொல்ல..."

"எல்லாம் வேணாம். மொத அடி எந்தப் பக்கம் வைக்கறா? அதை மட்டும் சொல்லு."

துரைராஜ் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜிப்பாவின் கழுத்துப் பட்டி ஈரமாகிவிட்டது.

"சொல்லுங்க சார்," என்றாள் இசைப்பிரியா.

"எனக்குத் தெரியாது."

மைக் அதை நன்றாகவே எடுத்துக் கொடுத்தது. புத்தகக் கடைகளின் கடைசிச் சந்து வரைக்கும் கேட்டிருக்கும்.

"எட்டு நோட்டையும் திங்கக்கிழமை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க சார். கேஸ் குடுக்க இப்ப முந்நூறு சாட்சி இருக்கு," என்று அக்கா மேடைக்குக் கீழே நின்று சாதாரணக் குரலில் சொன்னார்.

இசைப்பிரியா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் முதுகு மேடைப் பக்கம் இருந்தது. "உங்களுக்குத் தெரியுமாம்மா? மூளி எங்க போறா?"

"தெரியும்."

"சொல்லுங்கம்மா."

முந்நூறு நாற்காலிகளும் திரும்புகிற சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் மேடையைக் கையால் காட்டினார்.

"இந்த ஆளு இருக்கற எடத்துல சொல்ல மாட்டேன். எழுதி எடுத்துக்கினு போயிடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. துரைராஜ் யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். வாசல் வரைக்கும் அவர் நாற்காலிகளுக்கு நடுவேதான் போகவேண்டியிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்களே தவிர, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் பந்தலைத் தாண்டி, ரோட்டில் ஏறுகிற வரைக்கும் இசக்கியம்மாள் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம்தான் உட்கார்ந்து, கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.